பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் அரைப் பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துறையூரிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளிகளில் 31 வருடம் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உங்கள் நாளிதழ்தான் வருகிறது. அதில் வரும் புகைப்படங்களுக்கு மீசையும் மூக்குக் கண்ணாடியும் வரைந்தவர்கள் இந்த வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். அப்பா படிப்பதற்கு முன்னால் வரைந்துவிட்டு நான் அடி வாங்கியிருக்கிறேன். என் மகன் கட்சி பேதம் பார்க்காமல் எல்லாத் தலைவர்களுக்கும் கிருதா வைத்தான். தமிழ்நாட்டில் பேனா பிடித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது முதல் ஓவிய விளையாட்டு இதுவாகத்தான் இருந்திருக்கும். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

உங்கள் சனிக்கிழமை இணைப்பில் சிறுவர் பக்கம் வருகிறது. புள்ளிகளை இணைத்தால் முயல் கிடைக்கும். வண்ணம் தீட்ட ஒரு மயில் இருக்கும். இரண்டு படங்களுக்கு ஆறு வித்தியாசம். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு நல்ல பக்கம், அதை நிறுத்தவே கூடாது. ஆனால் அந்த வயதைத் தாண்டிவிட்டால் அடுத்து இருப்பது பொதுத்தேர்வு மாதிரி வினாத்தாளும் மேற்படிப்பு வழிகாட்டியும்தான். 12 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள ஒரு பிள்ளை உங்கள் நாளிதழைக் கையில் எடுத்தால் பரீட்சைக்காகத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வயதுக்காரர்கள் வரைந்து விளையாட வாரம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் பேத்திக்கு 14 வயது. திருச்சியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, "தாத்தா, நானும் டிராயிங் பண்றேன், பாருங்க" என்று கைபேசியைக் காட்டினாள். எண்ணைப் பார்த்து வண்ணம் நிரப்பும் செயலி. படம் முழுக்கச் சின்னச் சின்ன எண்கள். 7 என்ற எண்ணைத் தொட்டால் அந்த எண் உள்ள கட்டம் எல்லாம் கருஞ்சிவப்பாகிவிடுகிறது. விரல் எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் நிறம் தாண்டாது. இருநூற்றுப் பன்னிரண்டு படம் முடித்திருந்தாள். எல்லாமே அழகாக இருந்தன. நான் சந்தோஷப்பட்டு ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக் கொடுத்து, "மாடிச் சுவரில் உட்கார்ந்திருக்கே அந்தக் காக்கா, அதை வரைம்மா" என்றேன். அவள் தாளைத் தொடவே இல்லை. "எனக்கு வரைய வராது தாத்தா" என்றாள்.

இந்த வாக்கியத்தை முப்பத்தோரு வருடமாகக் கேட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் யாரும் சொல்வதில்லை. எட்டாம் வகுப்பில் பாதி வகுப்பு சொல்லும். லோவன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியக் கலைக்கல்வியாளர் 1947ல் எழுதிய நூலில் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியை வயது வயதாகப் பிரித்திருக்கிறார். 12 முதல் 14 வயதுக்குள் பிள்ளைக்குத் தன் படத்தைத் தானே எடைபோடும் கண் வந்துவிடுகிறது. நேற்று வரை வரைந்த யானை இன்று யானை மாதிரித் தெரிவதில்லை. கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் வளரவில்லை. அந்த இடைவெளியில் யாராவது கை கொடுக்காவிட்டால் பென்சில் கீழே போய்விடும். பெரும்பாலும் வாழ்நாள் முழுவதற்கும் போய்விடும். உங்கள் அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள். வரைய வராது என்று சொல்கிற பெரியவர்கள் எல்லாரும் அந்த வயதில்தான் நிறுத்தியிருப்பார்கள்.

அந்த வயதில் கை கொடுக்க வேண்டியவன் நான். எல்லா நேரமும் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், வகுப்பு ஜன்னலைத் திறந்தால் பச்சைமலை தெரியும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இயற்கைக் காட்சி வரையச் சொன்னபோது மலைக்கு அடர்ந்த கத்தரிப்பூ நிறம் கொடுத்திருந்தான். "பேரே பச்சைமலைடா, பச்சை அடிக்கத் தெரியாதா?" என்று கேட்டு, சிவப்பு மையால் அடித்து, பத்துக்கு நான்கு போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் கரும்பலகையில் நான் வரைவதை மட்டும் அப்படியே பார்த்து வரைந்து கொடுத்தான். பல வருடம் கழித்து ஓர் ஐப்பசி மாலை, மழைக்கு முன்னால், பேருந்தில் வரும்போது பார்த்தேன். மலை அச்சு அசலாக அந்த நிறத்தில் நின்றது. அவன் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறான். பார்க்காமல் இருந்தவன் நான். இன்றைக்கும் அந்தச் சிவப்புக் கோடு என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு தென்னை, ஒரு குடிசை, மேலே 'வி' வடிவத்தில் நாலு பறவை. தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியில் போய் இயற்கைக் காட்சி வரையச் சொன்னாலும் இதுதான் வரும். பச்சைமலையைத் தினமும் பார்க்கிற துறையூர்ப் பிள்ளையும் இதையே வரைகிறது, மலையையே பார்த்திராத கடற்கரைப் பிள்ளையும் இதையே வரைகிறது. நாங்கள்தான் அப்படிப் பழக்கினோம். யோசித்துப் பார்த்தால் பேத்தியின் எண் படத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் முடிவு எடுத்தவர் வேறு யாரோ.

எண் படம் கைபேசியோடு வந்ததும் அல்ல. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், பெயிண்ட் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த டான் ராபின்ஸ் என்பவர், எண் போட்ட அட்டையும் எண் போட்ட வண்ணக் குப்பிகளும் சேர்த்துப் பெட்டியாக விற்கும் யோசனையைக் கொண்டுவந்தார். லட்சக்கணக்கில் விற்றது. லியனார்டோ டாவின்சி தன் சீடர்களுக்கு எண் போட்டுக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னதாகப் படித்தது நினைவுக்கு வந்ததால் இந்த எண்ணம் தோன்றியதாக ராபின்ஸ் சொல்லியிருக்கிறார். டியூஷன் முடிந்து களைத்து வருகிற பிள்ளைக்கு அது ஓய்வு என்றால் இருக்கட்டும், நான் தடுக்கமாட்டேன். ஓய்வு வேறு, வரைவது வேறு என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

கைபேசியில் எல்லாமே மோசம் என்றும் சொல்லமாட்டேன். 2016ல் கூகுள் ஒரு விளையாட்டு வெளியிட்டது. ஒரு பொருளின் பெயரைச் சொல்லும், 20 வினாடிக்குள் வரைய வேண்டும், இன்னது என்று கணினி ஊகிக்கும். 345 வகைப் பொருட்களுக்கு உலகம் முழுக்க மக்கள் கிறுக்கிய ஐந்து கோடிப் படங்களைத் தொகுத்து எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். வரைய வராது என்கிற பிள்ளையிடம் அந்தக் குவியலைக் காட்டுவேன். நாற்காலி என்று ஆயிரக்கணக்கானவர்கள் போட்டிருக்கும் கோணல் மாணலைப் பார்த்தால் தானாகவே தைரியம் வரும். 2020 ஊரடங்கின்போது ஒருவர் வரைய மற்றவர்கள் தட்டச்சு செய்து கண்டுபிடிக்கும் இணைய விளையாட்டைப் பிள்ளைகள் விடிய விடிய ஆடினார்கள். அதுவும் நல்லதுதான். அதில் கோடு யாருடையது? பிள்ளையுடையது. என்னிடம் வரும் ஒரு மெக்கானிக்கின் மகள் ஐபிஸ் பெயிண்ட் செயலியில் விரலாலேயே அடுக்கு அடுக்காக வரைகிறாள். அவளுடைய லாரிகளை நீங்கள் பார்க்க வேண்டும், டயரில் ஒட்டியிருக்கும் சேறு வரை இருக்கும்.

என்னிடம் வரும் என்றேன் அல்லவா, அதைச் சொல்கிறேன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டு மாடிக் கொட்டகையில் எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். கட்டணம் கிடையாது. வகுப்பு என்றும் சொல்வதில்லை. வரைந்து விளையாடுகிறோம், அவ்வளவுதான். தாளுக்குச் செலவு செய்வதில்லை. அச்சகத்தில் வெட்டி மிஞ்சும் தாளைக் கிலோ கணக்கில் வாங்கி வைத்திருக்கிறேன். அப்புறம் கல்யாணப் பத்திரிகைகள். ஒரு பக்கம் வெறுமையாக, வழவழப்பில்லாமல், நல்ல கனமாக, ஏற்கனவே மடிப்போடு வருகிற தாள் அதைவிட எங்கே கிடைக்கும்?

அந்த மடிப்புதான் முதல் விளையாட்டு. தாளை மூன்றாக மடித்து, ஒருவர் மேலே தலையை வரைந்து, கழுத்தின் இரண்டு கோட்டை மட்டும் அடுத்த மடிப்பில் எட்டிப் பார்க்கும்படி விட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் தலை என்னவென்று தெரியாமல் உடம்பு போட வேண்டும். மூன்றாமவர் கால். பிரித்தால் காவல்காரர் தொப்பி போட்ட ஆட்டுக்கு ஆட்டோ உடம்பும் கொக்குக் காலும் இருக்கும். 1925 வாக்கில் பாரிஸில், கனவு போல விசித்திரமாகப் படைத்த சர்ரியலிசக் கலைஞர்கள் காபிக் கடையிலும் வீட்டிலும் உட்கார்ந்து ஆடியது இது. முதலில் சொற்களை வைத்துத்தான் ஆடினார்கள். அதில் வந்த ஒரு விசித்திர வாக்கியத்திலிருந்து 'நேர்த்தியான பிணம்' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரில் ஒரே குஷி. இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது வேறு. படம் யாருடையது என்று சொல்ல முடியாது. அதனால் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. "சார், என் படம் நல்லா இல்ல" என்று ஒருவர் சொல்லவும் முடியாது.

வெட்கம்தான் அந்த வயதின் முதல் தடை. அதை உடைக்க இன்னொன்று உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். தாளைப் பார்க்கவே கூடாது. எதிரில் இருப்பவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், பென்சிலையும் தாளை விட்டு எடுக்காமல், நெற்றியில் தொடங்கித் தாடை வரை எறும்பு ஊர்வது போல மெதுவாக வர வேண்டும். முடித்துப் பார்த்தால் மூக்கு காதுக்குப் பக்கத்தில் இருக்கும். எல்லாருக்குமே அப்படித்தான் வரும், 31 வருடம் வரைந்த எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்தக் கோட்டைக் கவனித்துப் பாருங்கள். உதட்டோரத்து மடிப்பு, புருவம் ஏறி இறங்கும் இடம், எல்லாம் உண்மையாக விழுந்திருக்கும். ஓவியக் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கிற பயிற்சிதான் இது. என் பேத்தி தாளைத் தொட்டதும் இதில்தான். என் முகத்தை வரைந்தாள். என் கண்ணாடி கழுத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் என் நெற்றிச் சுருக்கம் மூன்றும் அப்படியே இருந்தன. மூன்று சுருக்கம் இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மாடியில் அதிகம் சிரிப்பது பழமொழி ஆட்டத்தில். ஆறு பேர் வட்டமாக உட்கார்வோம். முதல் ஆள் ஒரு பழமொழியைத் தாளின் உச்சியில் எழுதுவார். அடுத்தவர் அதைப் படமாக வரைந்துவிட்டுப் பழமொழியை மடித்து மறைத்துவிடுவார். மூன்றாமவர் படத்தை மட்டும் பார்த்து எழுத வேண்டும். நான்காமவர் அந்த எழுத்தை மட்டும் பார்த்து வரைய வேண்டும். ஒருமுறை 'ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்' என்று தொடங்கியது. மூன்றாம் கையில் 'செருப்பைத் தொலைத்தவர்' ஆனது. ஐந்தாம் கையில் 'மீன் பிடிக்கிறார்' ஆனது. கடைசியில் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு கொக்கு. இதில் பிள்ளை கற்றுக்கொள்வது எதை விட்டால் எது புரியாமல் போகும் என்பது. சேற்றுக்கும் தண்ணீருக்கும் கோட்டில் என்ன வித்தியாசம்? அந்தப் பழமொழியை முதலில் படமாக வரைந்த பையன் அதை அடுத்த வாரம் ஏரிக்கரையில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். நான் சொல்லி அனுப்பவில்லை.

கிறுக்கல் ஆட்டத்துக்குத் தாள்கூட வேண்டாம், பழைய நோட்டின் ஓரம் போதும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிறுக்கல் கிறுக்குவார். மற்றவர் அதில் கோடு சேர்த்து ஏதாவது ஒன்றாக ஆக்க வேண்டும். பிறகு இவர் கிறுக்க, அவர் ஆக்குவார். வின்னிகாட் என்ற இங்கிலாந்து மனநல மருத்துவர், தன்னிடம் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளோடு பழகுவதற்கு இதைத்தான் ஆடினார். தாகூர் இதைத் தனியாக ஆடினார் என்றே சொல்லலாம். 1924 வாக்கில், கவிதை எழுதும்போது அடித்த சொற்களையும் வரிகளையும் ஒன்றோடு ஒன்று இணைத்து விசித்திரமான பறவைகளாகவும் விலங்குகளாகவும் மாற்றத் தொடங்கினார். அதுவே ஓவியமாக வளர்ந்து 1930ல் பாரிஸில் கண்காட்சி வைத்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட எழுபது வயது. அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் குறைத்துப் பழகிய பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது தெரியுமா! ஒரு பெண் தன் கணக்கு நோட்டில் அடித்த பக்கங்களை எல்லாம் கொண்டுவந்துவிட்டாள்.

மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுமே, அதையும் விடுவதில்லை. கறை படிந்த சுவரைப் பார், அதில் மலையும் போர்க்களமும் முகங்களும் தெரியும் என்று லியனார்டோ தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் பிள்ளைகள் கைபேசியில் ஓதத்தைப் படம் பிடித்து, அதன் மேலேயே விரலால் வரைகிறார்கள். எங்கள் மாடிப்படிச் சுவரில் ஒரு ஒட்டகம் இருக்கிறது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அதன் மேல் வெள்ளையடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி கோலம். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்ததால் நம் ஊர்ப் பையன்கள் இழந்தது கொஞ்சம் இல்லை. கையில் கோலமாவு வேண்டியதில்லை, பேனா போதும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஐந்து புள்ளி ஐந்து வரிசை, நேர்ப்புள்ளி. விதி இரண்டே: ஒரு புள்ளியும் வெளியே விடுபடக் கூடாது, கோடு தொடங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டும். பத்துப் பேர் போட்டால் பத்துச் சிக்குக் கோலம் வரும். 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கணினி மொழிக்கு எழுதுவது போன்ற இலக்கணத்தைக் கோலத்துக்கும் எழுத முடியும் என்று ஆய்வுக்கட்டுரைகளில் காட்டினார்கள். வாசலில் உட்கார்ந்து நம் பாட்டிமார்கள் போட்டது கணிப்பொறி அறிவியலுக்குள் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கும் பிளஸ் ஒன் பையன்கள் இதைக் கேட்ட பிறகுதான் புள்ளி வைக்க உட்கார்ந்தார்கள்.

கோலம் முடிந்ததும் வண்ணம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு ஒரே நிறம் வரக் கூடாது, எத்தனை நிறம் வேண்டும் என்று கேட்பேன். நாலு, அஞ்சு, ஆறு என்று சொல்வார்கள். இரண்டே போதும். புள்ளி உள்ள கட்டங்களுக்கு ஒரு நிறம், புள்ளி இல்லாத இடுக்குகளுக்கு இன்னொரு நிறம், எங்கேயும் மோதாது. புள்ளியே இல்லாமல் பேனாவை எடுக்காமல் எவ்வளவு சிக்கலாகக் கிறுக்கினாலும், தொடங்கின இடத்தில் முடித்தால் அதற்கும் இரண்டே நிறம்தான். போட்டுப் பார்த்தால்தான் நம்புவார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்து வரைபடம். கடையில் விற்கும் வெற்று மேப்பில் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்கள். எல்லையைப் பகிரும் மாவட்டங்களுக்கு ஒரே நிறம் கூடாது. 1852ல் ஃபிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்தின் மாவட்டங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தபோது, எந்த வரைபடத்துக்கும் நாலு நிறம் போதும் போலிருக்கிறதே என்று கவனித்தார். அதை நிரூபிக்க 1976 வரை ஆனது. அமெரிக்காவில் அப்பெல், ஹாக்கன் என்ற இருவர் கணினியின் உதவியோடு நிரூபித்தார்கள். வண்ணம் தீட்டுவது சின்னப் பிள்ளைகளின் வேலை என்று சொல்கிற பதினாறு வயதுக்காரரிடம் நாலு கலர் பென்சிலையும் இந்த மேப்பையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பேராகவும் ஆடலாம். ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு மாவட்டத்துக்கு நிறம் தீட்ட வேண்டும். ஒருவருடைய குறி எல்லா மாவட்டத்தையும் நாலு நிறத்துக்குள் முடிப்பது. மற்றவருடையது ஏதாவது ஒரு மாவட்டத்துக்கு நாலு நிறமும் பொருந்தாதபடி செய்வது. டிசம்பர் விடுமுறையில் இரண்டு அண்ணன் தம்பிகள் இதை ஆடி ஆடி மாவட்ட எல்லை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு, தடை போட்ட நிறம். இலைக்குப் பச்சை கூடாது, வானத்துக்கு நீலம் கூடாது, மலைக்குப் பச்சை கூடவே கூடாது. மாடியிலிருந்து பார்த்தால் பச்சைமலை தெரியும். என்ன நிறம் என்று நன்றாகப் பார்த்துவிட்டு அப்புறம் தீட்ட வேண்டும். இதை நான் எதற்காக வைத்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் செய்ய வேண்டியதைச் செய்தித்தாளில் ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் நினைக்கலாம். பள்ளியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் மாநில மேடை வரை போகிறார்கள், எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அது போட்டி. ஏற்கனவே நன்றாக வரைகிற பிள்ளைகளுக்கான இடம். 2012ல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேரை எடுத்தார்கள். அவர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும், வாரம் மூன்று அரைநாள். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் ஓவியப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கேட்டு வாங்கிக்கொள்வார்கள். நானே எத்தனையோ முறை விட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு பிள்ளை வரையும் படம் என்றால் இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றமும் சிறுநீரகத்தின் நெஃப்ரானும்தான். அதையும் ரெக்கார்டு நோட்டில் தானே வரையப் பயந்து, நன்றாக வரைகிற தோழியிடம் கொடுத்துவிடுகிறார்கள். சரியாக அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் 'வரைய வராது' கெட்டிப்பட்டுப் போகிறது.

பள்ளி எட்டாத நேரத்தில் எட்டக்கூடியது நீங்கள். வீட்டில் ஏற்கனவே கிடக்கும் தாள், வீணாகிவிடுமோ என்ற பயம் இல்லாத தாள். விலை கொடுத்து வாங்கிய டிராயிங் நோட்டின் முதல் பக்கத்தில் கோடு போடக் கை நடுங்கும் பிள்ளை, செய்தித்தாளில் தாராளமாகக் கிறுக்குகிறது. மீசை வரைகிற கை ஒருநாளும் நடுங்கியதில்லை.

என்ன போடலாம் என்பதற்கு மேலே சொன்னவற்றிலிருந்தே ஒரு வருடத்துக்கு எடுக்கலாம். ஒரு வாரம் வெறும் கிறுக்கல் ஒன்று, பெரிதாக, சுற்றிலும் நிறைய இடம் விட்டு. ஒரு வாரம் புள்ளிகள். ஒரு வாரம் மாவட்ட மேப். ஒரு வாரம் நீங்கள் எடுத்த பழைய புகைப்படத்தின் பாதி மட்டும், மீதிப் பாதியைப் பிள்ளை வரைந்து முடிக்கட்டும். கீராம்பூரில் பிறந்த ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வெறும் கறுப்புக் கோட்டிலேயே காந்தியை எத்தனை விதமாக வரைந்தார்! எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் கோடுகளில் ஒன்றிரண்டை முறைப்படி அனுமதி வாங்கிப் போட்டு, இதே முகத்தைப் பத்தே கோட்டில் வரை என்று கேட்கலாம். அதற்கு ஒரு பேனா போதும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு வைத்தால் ஏற்கனவே வரையத் தெரிந்தவர்கள் மட்டும் அனுப்புவார்கள், கூடவே அப்பா அம்மா வரைந்து கொடுத்ததும் வரும். வந்தவற்றில் ஒரே கிறுக்கலிலிருந்து பிறந்த ஏழெட்டு வேறு வேறு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், கோணலானதையும் சேர்த்து. பிள்ளையின் முதல் பெயர், வயது, ஊர் போதும். இன்னொன்று, 'சரியான விடை அடுத்த வாரம்' என்று போட்டுவிடாதீர்கள்.

அச்சுத் தொழில் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். செய்தித்தாளில் பென்சிலும் பால்பாயிண்ட் பேனாவும் நன்றாக ஓடும். கலர் பென்சிலும் ஒட்டும். ஸ்கெட்ச் பேனா ஊறிப் பின்பக்கம் வந்துவிடும். அதனால் அந்த அரைப் பக்கத்துக்குப் பின்னால் செய்தி இல்லாமல் விளம்பரம் வந்தால் நல்லது. வெட்டி எடுத்தாலும் வீட்டில் பெரியவர்கள் திட்டமாட்டார்கள். சனிக்கிழமை இணைப்பின் நடுத்தாளாக இருந்தால் இன்னும் வசதி, பிரித்து விரித்துத் தரையில் போட்டு இரண்டு பேர் சேர்ந்து வரையலாம்.

பேத்தி இப்போதும் அந்த எண் செயலியை வைத்திருக்கிறாள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறாள். பேருந்தில் பள்ளிக்குப் போகும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைத் தாளைப் பார்க்காமல் வரைகிறாளாம். போன வாரம் நடத்துநர் ஒருவரை வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பை எங்கே, கை எங்கே என்று தெரியவில்லை. ஆனால் இரண்டு விரலுக்கு நடுவே டிக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்கிற அந்த நிலை அப்படியே வந்திருந்தது.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாளில் மூன்று கிறுக்கல்கள் வைத்திருக்கிறேன். ஒன்று நான் போட்டது, ஒன்று பேத்தி போட்டது, மூன்றாவது மெக்கானிக் மகள் போட்டது. முதல் வாரத்துக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு இந்தியன் இங்கில் போட்டிருக்கிறோம், அச்சில் தெளிவாக விழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
துறையூர், திருச்சி மாவட்டம்.